எழுத்தின் வேடத்தில் இசைக்குறி: இசைக்குறியீட்டு எழுத்துருக்கள் பற்றிய ஒரு மொழியியல் திறனாய்வு

1. சிக்கல்

மேலை இசைப்படி ஒன்றைக் கணிப்பொறியில் அமைப்பவர் அதன் தலைப்பகுதியில் விரைவுக்குறி ஒன்றை இடுகிறார். கரிய தலையும் தண்டும் உடைய ஒரு சுரக்குறி, அதனை அடுத்துச் சமக்குறி, அதனை அடுத்து 120 என்னும் எண். நிமிடத்திற்கு 120 கால் சுரங்கள் என்பது இதன் பொருள். இதே கோப்பு வேறொரு கணிப்பொறியில் திறக்கப்படும்போது சுரக்குறி நின்ற இடத்தில் ஆங்கிலக் 'கியூ' எழுத்து நிற்கிறது. பார்ப்பவர் இதனைக் கோப்பின் பழுது என்று கருதுவது இயல்பு. உண்மையில் பழுது ஏதும் நேரவில்லை. கோப்பில் தொடக்கம் முதலே இருந்தது கியூ எழுத்துத்தான். அதற்குச் சுரக்குறியின் உருவத்தை அணிவித்திருந்தது ஒரு தனி எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் வேடம் கலைந்தது, அவ்வளவே.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் எழுத்துருக்களோடு போராடியவர்களுக்கு இக்கதை புதிதன்று. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை மற்றொரு நிறுவனத்தின் எழுத்துருவில் ரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குவியலாகத் தோன்றியதை அவர்கள் மறந்திருக்க முடியாது. ஒலியியல் குறிகளைத் தனி எழுத்துருவால் அச்சிட்ட மொழியியலாரும் இதே இன்னலை அறிவர். எனினும் இசைக்குறியின் நிலை ஒரு வகையில் வேறானது. தமிழெழுத்துக்கும் ஒலியியல் குறிக்கும் குறிமுறையில் இடம் கிடைத்தவுடன் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்தது. இசைக்குறிக்கு இடம் கிடைத்த பின்னரும் அது தீரவில்லை. இதற்கான காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. குறி என்றால் என்ன என்னும் கேள்வியில் இருக்கிறது.

2. அச்சு விட்டுச் சென்ற இரு வழிகள்

இசையை அச்செழுத்தால் அச்சிடும் முயற்சி ஐந்து நூற்றாண்டுப் பழைமை உடையது. வெனிசு நகரில் ஒத்தாவியானோ பெத்ருச்சி 1501-இல் வெளியிட்ட தொகுப்பில் கோடுகளும் சுரங்களும் தனித்தனியே அச்சேறின. ஒரே தாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சுப்பொறியின் அடியில் சென்று வந்தது. அழகு மிகுந்தது, உழைப்பும் மிகுந்தது. 1528-ஐ ஒட்டிப் பாரிசில் பியேர் அத்தேஞான் கையாண்ட முறையில் ஒவ்வோர் அச்செழுத்தும் சுரத்தோடு அச்சுரம் அமர்ந்த கோட்டுத் துண்டையும் தன்னுள் கொண்டிருந்தது. எழுத்துகளை அடுத்தடுத்துக் கோத்தால் கோடும் சுரமும் ஒரே அச்சில் விழுந்தன.

மொழியியல் நோக்கில் இவ்விரண்டும் இருவேறு பகுப்பாய்வுகள் ஆகும். அத்தேஞானின் அச்செழுத்து, உயிரும் மெய்யும் பிரியாத உயிர்மெய் போன்றது. சுரத்தின் வடிவமும் அதன் இடமும் ஒரே அலகு. பெத்ருச்சியின் முறையில் வடிவம் ஓர் அலகு, இடம் மற்றோர் அலகு. கணிப்பொறி எழுத்துருக்கள் பெத்ருச்சியின் வழியையே மேற்கொண்டன. 1988-இல் வெளிவந்த ஃபினாலே என்னும் மென்பொருள் தன் எழுத்துருவுக்குப் பெத்ருச்சி என்றே பெயரிட்டது பொருத்தமானதே. கோடுகளை மென்பொருள் வரையும். சுரத்தலை, கொடி, ஓய்வுக்குறி முதலியவற்றை எழுத்துரு தரும். எது எந்த உயரத்தில் அமரவேண்டும் என்பதை மீண்டும் மென்பொருளே முடிவு செய்யும். ஆகவே எழுத்துருவில் இருப்பது இசையெழுத்தின் ஒரு பாதி மட்டுமே. இப்பிரிவினை பின்வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

3. சொனாட்டாவின் விசையொழுங்கு

1980களின் நடுவில் அடோபி நிறுவனத்திற்காகக் கிளியோ ஹக்கின்சு வடிவமைத்த சொனாட்டா, இவ்வகை எழுத்துருக்களின் முன்னோடி. அன்று ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. அவற்றிலும் விசைப்பலகையிலிருந்து நேரே எட்டக்கூடியவை நூற்றுக்கும் குறைவு. இச்சிறு பரப்பில் இசைக்குறிகளை எவ்வாறு இருத்துவது? சொனாட்டா கண்ட விடை நினைவுக்கு உதவும் விடை. கால் சுரத்துக்கு கியூ, அரைச் சுரத்துக்கு எச், முழுச் சுரத்துக்கு டபிள்யூ, எட்டில் ஒரு சுரத்துக்கு ஈ என அமெரிக்க ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் விசைகளாயின. 'அண்டு' என்று படிக்கப்படும் இணைப்புக்குறி, சுழன்று வளையும் வடிவ ஒற்றுமையால் ஜி-கிளெஃபுக்கு இடமாயிற்று. வினாக்குறி எஃப்-கிளெஃபுக்கு ஆயிற்று. சிறிய பி எழுத்து பிளாட் குறிக்கும், சிறிய என் எழுத்து நேச்சுரல் குறிக்கும் ஆயின.

இவ்வொழுங்கைக் கேலி செய்வது எளிது, ஆனால் நேர்மையன்று. இதனுள் தெளிவான குறியியல் இருக்கிறது. முதலெழுத்தால் பொருளைச் சுட்டுவது, பண்டை எழுத்து முறைகள் பலவற்றின் தோற்றத்தில் காணப்படும் உத்தி. வடிவ ஒற்றுமையால் சுட்டுவது மற்றோர் உத்தி. பின்வந்த பல எழுத்துருக்கள் சொனாட்டாவின் ஒழுங்கைப் பெரிதும் பின்பற்றியமைக்கும், அமைப்பாளர்களின் விரல்கள் ஒரு தலைமுறைக் காலம் அதனை மறவாமைக்கும் இந்த இயல்புத்தன்மையே காரணம் எனலாம்.

பிளாட் குறிக்கு வந்த பி எழுத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். அது வடிவ ஒற்றுமை மட்டும் அன்று. இடைக்கால ஐரோப்பாவில் பி என்னும் சுரம் இரு வகையாக எழுதப்பட்டது: தாழ்ந்ததை உருண்ட பி-யாகவும் உயர்ந்ததைச் சதுரப் பி-யாகவும் எழுதினர். உருண்ட பி-யே இன்றைய பிளாட் குறி. சதுரப் பி-யிலிருந்து பிறந்தது நேச்சுரல் குறி. செருமானிய மரபில் இன்றும் பி என்பது தாழ்ந்த சுரத்தையும் எச் என்பது உயர்ந்த சுரத்தையும் குறிக்கும். செருமானிய இசைநூலை ஆங்கில வழியாக மொழிபெயர்ப்போர் வழுக்கி விழும் இடங்களுள் இது முதன்மையானது. கிளெஃப்களும் ஜி, எஃப், சி என்னும் எழுத்துகளே. எழுதுவோர் கையில் நூற்றாண்டுகளாக உருமாறிக் குறியாயின. மென்மையைக் குறிக்கும் பி-யும் வன்மையைக் குறிக்கும் எஃபும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகள். ஆக, எழுத்தாக இருந்து குறியானவற்றைச் சொனாட்டா மீண்டும் எழுத்தின் இடத்திலேயே கொண்டுபோய் வைத்தது. எழுத்துக்கும் குறிக்கும் இடையிலான எல்லை இயற்கையாக அமைந்தது அன்று, வரலாற்றால் வரையப்பட்டது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

எனில் குறை எங்கே இருக்கிறது? எழுத்தைக் கடன் வாங்கியதில் இல்லை. லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட புள்ளி எழுத்து முறையும் இசைக்கு எழுத்துகளையே கடன் வாங்குகிறது. அம்முறையில் டி எழுத்துக்குரிய புள்ளிகள், இசைப்பகுதியில், சி என்னும் சுரத்தின் எட்டில் ஒரு கால அளவைக் குறிக்கும். பார்வையற்ற இசைஞர் எவரும் இதில் தடுமாறுவதில்லை. இது இசை, இது சொல் என்பதைப் படிப்பவர் அறியும் வகையில் மரபு அமைந்திருக்கிறது. சொனாட்டா வகை எழுத்துருவில் அந்த அறிவிப்பு கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை, எழுத்துருவின் பெயரில் மட்டுமே இருக்கிறது. பெயர் தொலைந்தால் பொருளும் தொலைகிறது. தேடும் நிரலும், உரக்கப் படிக்கும் நிரலும், பிரெயிலாக மாற்றும் நிரலும் எழுத்துருவின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அவை காண்பது கியூவை மட்டுமே. இதற்கு மேல், மெக்கின்டாஷும் விண்டோசும் 127-க்கு மேற்பட்ட இடங்களை வெவ்வேறு வகையில் ஒழுங்கு செய்திருந்தமையால், ஒரே எழுத்துருவின் இரு பதிப்புகளுக்கு இடையிலேயே குறிகள் இடம் மாறின.

4. ஒருங்குறியின் விடை

இசைக்குறிகளுக்கெனத் தனித் தொகுதி ஒன்றை ஒருங்குறி தனது 3.1-ஆம் பதிப்பில், 2001-இல் சேர்த்தது. 219 குறிகள். கால் சுரம், எட்டில் ஒரு சுரம், பிளாட் போன்ற ஒரு சில குறிகள் அதற்கு முன்பே பிற அடையாளங்களோடு இருந்தன. பைசாந்திய இசைக்குறிகளும் அதே பதிப்பில் வந்தன. பண்டைக் கிரேக்க இசைக்குறிகள் 2005-இல் சேர்ந்தன.

இத்தொகுதியின் உட்கட்டமைப்பு மொழியியலாரை ஈர்க்கத்தக்கது. கால் சுரம் அங்கே ஒற்றை அலகு அன்று. கரிய தலை, அதனோடு சேரும் தண்டு என்னும் இரண்டாகப் பகுக்கத்தக்கது. எட்டில் ஒரு சுரமோ தலை, தண்டு, கொடி என மூன்றாகப் பகுக்கத்தக்கது. தமிழில் கொம்பையும் காலையும் உடைய ஒகரக் குறியை ஒருங்குறி எகரக் குறி, கால் என இரண்டாகப் பகுப்பதற்கு இது நிகர். கட்டு, இணைப்பு வளைவு முதலியவற்றின் தொடக்கத்தையும் முடிவையும் சுட்டும் கண்ணுக்குப் புலனாகாத குறிகள் எட்டும் இத்தொகுதியில் உண்டு.

இத்தனை நுட்பம் இருந்தும் சுரத்தின் உயரத்திற்கு இங்கே இடமில்லை. எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்பது தன் வரம்புக்கு அப்பாற்பட்டது, மேல்நிலை ஒழுங்கு ஒன்றுக்கு உரியது என்று ஒருங்குறி வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. இவ்விலகல் நேர்மையானது. ஆயினும் அதன் விளைவு நோக்கத்தக்கது: கால அளவை எழுதலாம், சுரத்தை எழுத முடியாது. ஒலியின் நீட்டத்தை மட்டும் குறித்து ஒலியைக் குறிக்காத எழுத்து முறையை எவரும் எழுத்து முறை என்று ஏற்கமாட்டார்கள். அதனால் இசை மென்பொருள்கள் இத்தொகுதியைத் தமக்கு அடித்தளமாகக் கொள்ளவில்லை. அடிப்படைத் தளத்துக்கு அப்பால் குறிகள் வைக்கப்பட்டதும், அக்கால மென்பொருள்கள் பல அத்தளத்தைத் தாண்ட இயலாதிருந்ததும் மற்றொரு காரணம். வேண்டிய குறிகள் பல அதில் இல்லாமை மூன்றாவது.

5. ஸ்மூஃபல்: ஓர் அகராதியாகப் படித்தல்

இடைவெளியை நிரப்ப வந்தது 'ஸ்மூஃபல்' எனப்படும் தர இசை எழுத்துரு ஒழுங்கு. ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் இலண்டன் குழுவைச் சேர்ந்த டேனியல் ஸ்பிரெட்பரி 2013-இல் இதனை அறிவித்தார். இதற்கு எடுத்துக்காட்டாக 'பிரவுரா' என்னும் எழுத்துரு திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. 2015-இல் அமைந்த உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் இசைக்குறியீட்டுச் சமுதாயக் குழுவிடம் ஒழுங்கின் பொறுப்பு சென்றது. ஒருங்குறியின் அடிப்படைத் தளத்தில் யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விடப்பட்ட 6,400 இடங்கள் உள்ளன. அத்தனிப்பயன் பகுதியில் 2,000-க்கும் மேற்பட்ட இசைக்குறிகளுக்கு ஸ்மூஃபல் நிலையான இடமும் நிலையான பெயரும் அளித்தது.

இதன் சிறப்பை முதலில் கூறவேண்டும். கியூவைச் சுரமாக்கும் வேடம் இங்கே முடிந்தது. எழுத்துரு தொலைந்தாலும் கோப்பில் எஞ்சுவது வேறோர் எழுத்தாக இராது. பொருளறியாத வெற்றுக் கட்டமாகவே இருக்கும். தவறாகப் படிக்கப்படுவதைக் காட்டிலும் படிக்கப்படாமல் போவது நல்லது. மேலும் எழுத்துருவோடு வரும் தரவுக்கோப்பு, சுரத்தலையில் தண்டு எந்தப் புள்ளியில் ஒட்டவேண்டும் என்பது போன்ற செய்திகளைத் தருகிறது. இது ஒரு வகைப் புணரியல். தலை நிலைமொழி, தண்டு வருமொழி. தலையின் வடிவம் மாறினால் ஒட்டும் இடம் மாறும். முன்பு ஒவ்வொரு மென்பொருளும் தனக்குள் மறைத்து வைத்திருந்த இவ்விதிகள் எழுத்துருவின் வெளிப்படையான இலக்கணமாயின.

அடிக்கோடு பற்றிய விதி இன்னும் நுட்பமானது. சாதாரண எழுத்துருவில் எழுத்துகள் அமரும் அடிக்கோடு வெறும் அச்சு வசதி. ஸ்மூஃபலில் ஒரு கிளெஃப் எந்தச் சுரத்தைச் சுட்டுகிறதோ அச்சுரத்தின் கோடே அதற்கு அடிக்கோடு. எழுத்துருவின் அளவும் ஐந்து கோடுகளின் மொத்த உயரத்தைக் கொண்டே அமைகிறது. இசைப்படிக்குப் பொருந்தும் இவ்வேற்பாடு உரைநடைக்குப் பொருந்தாது. கட்டுரை வரியின் நடுவே ஒரு பிளாட் குறியை இட்டால் அது வரியிலிருந்து தாழ்ந்தோ, அளவு மிகுந்து வரியிடைவெளியைப் பிளந்தோ நிற்கும். இதற்காகவே 'பிரவுரா டெக்ஸ்ட்' என்னும் இணை எழுத்துரு தனியே உள்ளது. இசை பற்றிய நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமல் முதல் எழுத்துருவையே உரையில் இட்டுத் துன்புறுவது வழக்கம்.

இனி, குறை. ஸ்மூஃபலை ஓர் அகராதியாகக் கொண்டு படித்தால், அதன் தலைச்சொற்கள் எந்த அளவுகோலால் பிரிக்கப்பட்டன என்னும் கேள்விக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. புள்ளியை எடுத்துக்கொள்வோம். சுரத்தின் வலப்புறம் நின்று அதன் காலத்தை அரைப்பங்கு கூட்டும் புள்ளி ஒன்று. மேலே நின்று சுரத்தைத் துண்டித்து ஒலிக்கச் செய்யும் புள்ளி ஒன்று. அதுவே கீழே நிற்கும்போது மற்றொன்று. மீள இசைப்பதைக் குறிக்கும் புள்ளி ஒன்று. விரைவுக்குறியில் வரும் காலப்புள்ளி இன்னொன்று. ஐந்துக்கும் ஐந்து இடங்கள், ஐந்து பெயர்கள். உருவம் ஒன்று, செயல் வெவ்வேறு. ஆகவே செயலே அளவுகோல் என்று தோன்றுகிறது. பிளாட் குறியும் அவ்வாறே: கோட்டில் வருவது, எண்ணிட்ட அடிக்குரலில் வருவது, இசையிணைவுப் பெயரில் வருவது எனத் தனித்தனி.

ஆனால் சுரத்தலைக்கு வந்தவுடன் அளவுகோல் மாறுகிறது. 'கரிய சுரத்தலை' என்பது அங்கே பெயர். கால் சுரம், எட்டில் ஒரு சுரம், பதினாறில் ஒரு சுரம் அனைத்துக்கும் அதே தலை, அதே இடம். செயல் வேறுபட்டாலும் வடிவம் ஒன்று என்பதால் குறியும் ஒன்று. தண்டோடு கூடிய முழுக் கால் சுரமோ இரு முறை வருகிறது: தனிச் சுரமாக ஒரு முறை, விரைவுக்குறிக்கு உரியதாக மற்றொரு முறை. முதற்பகுதியில் கண்ட கியூவின் சிக்கலுக்கு ஸ்மூஃபல் தந்த விடை இந்த இரண்டாம் குறி.

தமிழெழுத்தில் இதற்கு ஒப்பு உண்டு. ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. ஒருங்குறியில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. அது சரியான பிரிப்பு, ஏனெனில் ஒன்று மெய்யெழுத்து, மற்றது உயிர்க்குறியின் உறுப்பு. ஆனால் தட்டச்சு செய்வோர் பலர் ஒன்றுக்கு மற்றதை இட்டுவிடுவதால் தேடலில் சொற்கள் அகப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைக் குறிமுறை வற்புறுத்தினால், அதனைக் காப்பது எழுதுவோரின் கவனத்தால் இயலாது. உள்ளிடும் கருவியே காக்கவேண்டும். ஸ்மூஃபலின் ஐந்து புள்ளிகளுக்கும் இது பொருந்தும். மென்பொருள் தானே தேர்ந்து இடும் இடங்களில் வேறுபாடு பிழையாமல் நிற்கும். பட்டியலிலிருந்து கையால் தேர்ந்து உரையில் ஒட்டும் இடங்களில் எந்தப் புள்ளி கைக்கு முதலில் அகப்பட்டதோ அதுவே ஒட்டப்படும்.

எழுத்துரு வடிவமைப்போர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. மீட்டுப்புள்ளி சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும், விரைவுக்குறியின் சுரம் சற்றுக் குறுகலாக இருக்கவேண்டும் என்று அவர்கள் விரும்பலாம். தனி இடங்கள் அதற்கு வழி செய்கின்றன. இது அச்சுக்கலையின் நியாயம். எழுத்தனியலின் நியாயம் அன்று. ஸ்மூஃபல் இரண்டையும் கலந்து ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது; எந்தப் பிரிப்பு எதன் பொருட்டு என்பதைப் பட்டியலைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.

6. பெயர்களும் மொழிபெயர்ப்பும்

குறிகளின் பெயர்கள் மொழிபெயர்ப்பாளருக்கு நேரடியாகத் தொடர்புடையவை. ஸ்மூஃபல் இலண்டனில் உருவாயினும் அதன் சுரப்பெயர்கள் அமெரிக்க வழக்கு: முழு, அரை, கால், எட்டில் ஒன்று. பிரித்தானிய வழக்கு செமிபிரீவ், மினிம், கிராச்செட், குவேவர் என்பது. அமெரிக்க வழக்கு செருமானியத்தின் பின்ன முறையை ஒட்டியது. கணக்காக இருப்பதால் எந்த மொழிக்கும் எளிதில் பெயரும். தமிழில் கால் சுரம், அரைச் சுரம் என்பன தயக்கமின்றிப் பொருள் தருகின்றன. பிரித்தானியப் பெயர்கள் பெயர்க்க இயலாதவை. ஒலிபெயர்க்க மட்டுமே தகுந்தவை. பிரீவ் என்பது 'குறுகியது' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்றைய வழக்கில் எஞ்சியவற்றுள் அதுவே மிக நெடியது. பிரெஞ்சுப் பெயர்களோ நிறத்தையும் வடிவத்தையும் கூறுபவை: கால் சுரம் 'கரியது', அரைச் சுரம் 'வெளியது'. பிரெஞ்சில் 'குரோஷ்' என்றால் எட்டில் ஒரு சுரம். ஆங்கிலக் கிராச்செட்டோ கால் சுரம். இரண்டும் கொக்கி என்னும் பொருளுடைய ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒலி ஒற்றுமையை நம்பி மொழிபெயர்த்தால் இசை இருமடங்கு விரைவாகவோ பாதி விரைவாகவோ ஆகிவிடும்.

ஒருங்குறியும் அமெரிக்கப் பெயர்களையே கொண்டது. ஆனால் முழுச் சுரத்தின் இருமடங்குக்கு மட்டும் பிரீவ் என்னும் பெயரை வைத்துக்கொண்டது. ஒரே பெயர் வரிசையில் பின்ன முறையும் பழம்பெயரும் கலந்து நிற்கின்றன. ஸ்மூஃபல் அக்குறிக்கு 'இரட்டை முழுச் சுரம்' என்று பெயரிட்டது. இவ்விடத்தில் பிந்தையதே சீரானது.

குறிமுறையில் பெயர் என்பது விளக்கம் அன்று, அடையாளம். ஒருமுறை இட்டால் மாற்ற முடியாது. பைசாந்தியத் தொகுதியில் 'ஃப்தோரா' என்னும் கிரேக்கச் சொல் ஒரு குறியின் பெயரில் எழுத்து இடம் மாறிப் பிழையாகப் பதிவாயிற்று. பிழை என்று அனைவரும் அறிந்த பின்னரும் பெயர் அப்படியே நிற்கிறது. திருத்தம் மாற்றுப்பெயராக அருகில் இணைக்கப்பட்டதோடு சரி. அகராதித் தொகுப்பாளர் எவருக்கும் இத்தகைய தண்டனை இல்லை. எனவே ஸ்மூஃபலின் பெயர்களைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் அடையாளப் பெயரை அப்படியே விட்டு, விளக்கத்தை மட்டும் தமிழாக்குவதே முறை. அடையாளத்தையும் தமிழாக்கினால் மென்பொருள் அதனை அறியாது.

7. எஞ்சுவது எது

இவை ஏட்டளவிலான கேள்விகள் அல்ல என்பதை 2024 காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில், முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வழங்கிவந்த ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. அதில் இசைப்படிகளை அமைத்து வைத்திருந்தோர் அவற்றை வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்ல வேண்டியவராயினர். அதற்குரிய வழி, 2004-இல் வெளிவந்த மியூசிக் எக்ஸ்எம்எல் என்னும் பரிமாற்ற வடிவம். இவ்வடிவம் உருவத்தை முதன்மையாகக் கொள்வதில்லை. சுரம், உயரம், கால அளவு எனப் பொருளையே பதிவு செய்கிறது.

விளைவாக, கடந்து சென்றவையும் செல்லாதவையும் தெளிவாகப் பிரிந்தன. சுரமாக உள்ளிடப்பட்டவை சுரமாகவே சேர்ந்தன. ஆனால் அமைப்பாளர் தம் திறமையால் தனி எழுத்துருவைக் கொண்டு உரையாக இட்ட குறிகள் எழுத்துகளாகவே சென்றன: விரைவுக்குறிக்கு இட்ட கியூ, பாடல் வரியின் இடையே இட்ட பிளாட், புதுக்குறி வேண்டி இரண்டு மூன்று எழுத்துகளை அடுக்கிச் செய்த சேர்க்கைகள். எழுத்துருவின் பெயர் உடன் செல்லக்கூடும். போய்ச்சேரும் இடத்தில் அவ்வெழுத்துரு இல்லையேல் அதனால் பயனில்லை. 2017-இல் வந்த 3.1-ஆம் பதிப்பு ஸ்மூஃபல் பெயர்களைக் கொண்டு குறிகளைச் சுட்ட இடமளித்தது. அதற்கு முன்பு செய்யப்பட்ட படிகளுக்கு அது உதவாது. கண்ணுக்கு மிக அழகாக இருந்த படிகளே மிகுதியும் இழந்தன என்பது வருந்தத்தக்கது. மென்பொருள் தராத குறியைத் தேடிச் சென்று எழுத்துருவால் வரைந்தவர் அழகுணர்ச்சி மிக்க அமைப்பாளரே அல்லவா?

8. தமிழ்ப் பக்கம்

தமிழுக்கு இதில் இரு தொடர்புகள் உள்ளன. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற 'டேஸ்-16' என்னும் அனைத்தெழுத்துக் குறிமுறை, தமிழ் உயிர்மெய்களை ஒருங்குறியின் அதே தனிப்பயன் பகுதியில் வைக்கிறது. ஸ்மூஃபல் குறிகள் குடியிருக்கும் இடங்களோடு அவ்விடங்கள் ஒரு பகுதி மேற்பொருந்துகின்றன. இரண்டும் விதிப்படி சரியானவை. தனிப்பயன் பகுதியில் யாரும் யாருடைய உரிமையையும் மீறுவதில்லை. ஆயினும் டேஸ்-16-இல் எழுதிய பாடல் வரியை ஸ்மூஃபல் எழுத்துரு பயன்படும் இசைப்படியின் கீழ் இட்டு, வரியின் எழுத்துரு மாறிவிட்டால், சில எழுத்துகள் சுரக்குறிகளாகத் தோன்றும். எழுத்து இசையின் வேடம் பூணும். முதற்பகுதியில் கண்டதன் மறுதலை.

மற்றது பழையது. சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சேறியபோது கமகங்களுக்கெனத் தனிக்குறிகள் கையாளப்பட்டன: கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் எதிரெதிர்ச் சாய்கோடுகள், நொக்குக்கு ஆங்கில டபிள்யூவை ஒத்த குறி, ஒதுக்கலுக்கு எக்சை ஒத்த குறி. ஸ்மூஃபலின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில் துருக்கிய, பாரசீகச் சுரக்குறிகளுக்கு இடம் உண்டு. தென்னிந்தியக் கமகங்களுக்கெனத் தனிப் பகுதி இல்லை. ஆதலின் அந்நூலின் பகுதிகளைத் தமிழில் தட்டச்சு செய்ய முற்படுபவர் நொக்குக்கு டபிள்யூ எழுத்தையும் ஒதுக்கலுக்கு எக்ஸ் எழுத்தையும் இடுவது எளிய வழியாகத் தோன்றும். தாரஸ்தாயிப் புள்ளிக்கோ மெய்யெழுத்தின் புள்ளியே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனை இட்டால் மேல் சட்ஜம் கோப்பில் ஒரு மெய்யெழுத்தாகிவிடும்.

நொக்கின் டபிள்யூ சொனாட்டா எழுத்துருவில் முழுச் சுரம். ஒதுக்கலின் எக்ஸ் அங்கே பதினாறில் ஒரு சுரம். 1904-ஆம் ஆண்டு நூல் தன் குறிகள் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கும் என்பதை முற்பகுதியிலேயே விளக்கிவிட்டுத்தான் பாடல்களுக்குச் செல்கிறது. இன்று அதனைத் தட்டச்சு செய்பவர், இந்தக் கோப்பில் இந்த எழுத்து இந்தக் கமகத்தைக் குறிக்கும் என்று கோப்பின் முதற்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைப்பாராயின், எழுத்துரு எதுவாக மாறினாலும் பின்னால் வருபவர் ஒரு நிரலைக் கொண்டு அனைத்தையும் உரிய குறிகளாக மாற்றிக்கொள்ள இயலும். அப்பட்டியலுக்கு அரைப்பக்கம் போதும்.